பூ மண்டபத்துக் கூண்டு

பிஸ்கட் டப்பா மூடி ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தங்கபாண்டியன் முதலாளி பட்டறைக்கு வந்தபோது, சுந்தரம்மாள் கடைசல் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்து மூன்றாம் வருஷம், தை மாதம். போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருப்பவர்கள் ஆசாரியைத் தங்கள் வாசலுக்குக் கூப்பிட்டு அனுப்புவார்களே தவிர, தாங்களாக வரமாட்டார்கள். அவரைக் கண்டதும் அவள் கயிற்றைப் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள்.

“என்ன ஆசாரி, வீட்டுக்காரியவே ஆளா வச்சிட்டியா?”

“வெளியாளு இழுத்தா மரம் குதிக்குது முதலாளி. இவ இழுத்தா குதிக்காது” என்றார் சுருளி ஆசாரி.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இழுக்கிற கயிறு அது. மரத்துண்டைச் சுற்றி ஓடும் கயிற்றின் இரண்டு நுனியையும் மாறி மாறி இழுத்தால் மரம் சுழலும். எதிரே உட்கார்ந்து ஆசாரி உளியை வைப்பார். கட்டில் கால், தொட்டில் குமிழ், சப்பர உருளை எல்லாம் அப்படித்தான் பிறந்தன. இத்தனை வருஷம் எதிரெதிரே உட்கார்ந்ததில், அவர் முகத்தைப் பார்க்காமலேயே உளி உரசுகிற சத்தத்தை வைத்து அவர் மனசு இன்றைக்கு எப்படி என்று சொல்லிவிடுவாள். யாரிடமும் சொன்னதில்லை. பேச்சு அவளுக்குக் குறைச்சல். அவருக்கு அதைவிடக் குறைச்சல்.

முதலாளி டப்பா மூடியை நீட்டினார். சீமைப் படம். பூந்தோட்டத்து நடுவே தூண்கள் நிறுத்திய வட்ட மண்டபம். தொப்பி போட்ட பெண்கள் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள். மண்டபத்துக் கூரையின் உச்சியில், கவிழ்த்த தாமரை மொட்டுப்போல, மரத்தில் ஒரு குவிந்த கூண்டு. அதற்கும் மேலே ஒரு குமிழ்.

“எம்பொஞ்சாதி ஜெயபாக்கியம் இதப் பாத்ததுலருந்து ஒரே பிடிவாதம். மலை பங்களாவுல பூ மண்டபம் வேணுமாம். தூணு, கூரையெல்லாம் அங்கன உள்ளவனே போட்டுட்டான். இந்தக் கூண்டுன்னதும் கையை விரிச்சிட்டான். நீதான் செய்யணும்.”

“எஸ்டேட்டு எந்தப் பக்கம் முதலாளி?”

“குரங்கணிக்கு மேல. ஊசிப்பாறை.”

சுந்தரம்மாள் சட்டென்று கணவரைப் பார்த்தாள். ஊசிப்பாறையில் யார் இருக்கிறார்கள் என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆசாரி மலை வேலைக்குப் போகிறவரே இல்லை. எந்த எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்தாலும், மலைச் சோலி எனக்கு ஆகாது, அந்தத் தண்ணி சேராது என்று அனுப்பிவிடுவார். இப்போதும் அதைத்தான் சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் மூடியைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“செஞ்சிரலாம் முதலாளி” என்றார்.

முதலாளி போனபின், “கயித்தப் பிடி” என்றார். அவள் இழுத்தாள். ஒரே இழுப்பில் உளி ஆழமாய்க் கடித்து, பாதி கடைந்திருந்த கட்டில் கால் வீணாய்ப் போனது. அதை எடுத்து விறகு மூலையில் எறிந்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி வேறு கட்டையை மாட்டினார்.

*

சந்திரவல்லி அவர்களுக்கு ஒரே பிள்ளை. வாயாடி. தாய் தகப்பன் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவளே பேசுவாள்.

ஊசிப்பாறை எஸ்டேட்டில் வேலை பார்த்த அழகுமலை, மண்வெட்டிகளுக்குக் காம்பு போட வருவான். நல்ல உயரம், கூச்ச சுபாவம். காம்பு போட்டுக்கொண்டு போனவன் மறு சந்தைக்குள் திரும்பவும் வந்து நிற்பான்.

“ஏன் அண்ணாச்சி, உங்க எஸ்டேட்டுல மண்ணு வெட்டுறீகளா, பாறைய வெட்டுறீகளா?” என்பாள் சந்திரவல்லி.

“மண்ணுதான்.”

“அப்ப காம்புக்குத்தான் நோக்காடாக்கும்!”

அவன் காது சிவந்து தரையைப் பார்ப்பான். சுந்தரம்மாள் அவன் கொண்டுவந்த காம்புகளைப் பார்ப்பாள். உடைந்த காம்பென்றால் நார் நாராய்ப் பிளந்திருக்கும். இவை ரம்பத்தால் அறுத்தவை. அவள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி அடுப்பில் வைத்தாள். கணவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் விடியலில் மகளின் பாய் வெறுமனே கிடந்தது.

அவன் வேறு சாதி ஆள். உறவுமுறை எல்லாம் கூடிவிட்டது. இன்றைக்கே தலைமுழுகாவிட்டால் இந்த வீட்டில் எங்களுக்குக் கை நனைக்கிற சோலி இல்லை என்றார்கள். கொட்டகுடி ஆற்றுக்குக் கூட்டிப்போய், உயிரோடு இருக்கிற மகளுக்குச் செத்தவளுக்குச் செய்வதையெல்லாம் செய்யவைத்தார்கள். ஆசாரி குடத்தை உடைத்தார். பெண்கள் மாரடித்து அழுதார்கள். பக்கத்து வீட்டு ராக்கு அழுத அழுகையில் அக்கரையில் மாடு மேய்த்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுந்தரம்மாளையும் தண்ணீருக்குள் அமுக்கினார்கள். ஆறு மலையிலிருந்துதான் வருகிறது. தண்ணீர் சில்லென்று இருந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இது நிஜமில்லை, இது நிஜமில்லை என்று உள்ளே சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெயர் வீட்டில் கேட்கவில்லை.

போன வருஷம் ஆடியில், சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், செக்கடி முனையில் அழகுமலை வந்து நின்றான். துண்டு இடுப்பில் இருந்தது. தலை சீவவில்லை. நனைந்துகொண்டே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆசாரிக்குத் தெருப்பக்கம் முதுகு. கயிற்றை நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று அவர் திரும்புவார். திரும்பினால் கையில் உளி இருக்கிறது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் வேகமாய் இழுத்தாள். மறுபடி நிமிர்ந்தபோது முனையில் யாரும் இல்லை.

அன்று முழுக்க அவளுக்கு மனசு குறுகுறுவென்று இருந்தது. எதற்கு வந்திருப்பான்? பிள்ளை பிறந்திருக்கும். அதைச் சொல்லத்தான் வந்திருப்பான். வேறு என்ன? அந்த நினைப்பை யாருக்கும் தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டதுபோல வைத்துக்கொண்டாள். தண்ணீர் இறைக்கும்போது, மாவு இடிக்கும்போது எல்லாம் அதை எடுத்துப் பார்ப்பாள். ஆணா பெண்ணா என்றுதான் தெரியவில்லை.

*

கூண்டு வேலை மாசி முழுக்க நடந்தது. நல்ல தேக்கில் எட்டு வளைவுச் சட்டம். கீழே அவற்றைத் தாங்க ஒரு வளையம். சட்டங்களுக்கு நடுவே மெல்லிய பலகைகள். சட்டமும் பலகையும் சேருகிற இடத்தில் நகம் நுழைகிற அளவு இடைவெளி விட்டார் ஆசாரி.

“மேல மஞ்சு அடிக்கும். மரம் தண்ணி குடிச்சு உப்பும். இங்கன நெருக்கி வச்சோம்னா அங்கன போயி வெடிச்சிரும்” என்றார். அவளிடம் அவர் அவ்வளவு நீளமாய்ப் பேசிப் பல காலம் ஆகியிருந்தது.

சரிபார்ப்பதற்காகத் தெருவில் பூட்டி நிறுத்தியபோது ராக்கு இடுப்பில் கை வைத்து வந்து நின்றாள்.

“என்ன மதினி, அண்ணன் கோழிக்கூண்டு செஞ்சிருக்காரு? இதுல கோழி எங்கிட்டு நுழையும்?”

“முதலாளி வீட்டுக்குத் தாயி. மண்டபத்து மேல வைக்க.”

“மண்டபத்து மேலயா? அப்ப சாமி எது?”

“சாமியெல்லாம் இல்ல. உக்காந்து காப்பி குடிக்கவாம்.”

“காப்பி குடிக்க கோபுரமா! நம்மளும் தெனம் நீச்சத்தண்ணி குடிக்கிறோம், தலைக்கு மேல ஒரு ஓலையாவது ஒழுகாம இருக்கா?”

தெருவே சிரித்தது. ஆசாரிகூட மீசைக்குள் சிரித்தார்.

அந்த நாட்களில் சுந்தரம்மாள் ஒன்றைக் கவனித்தாள். தினமும் பட்டறையைப் பெருக்குகிறவள் அவள்தான். தேக்குச் சீவல் தவிட்டு நிறம். அதற்கு நடுவே மஞ்சள் மஞ்சளாய் வேறு சீவல் கிடந்தது. கையில் எடுத்து முகர்ந்தாள். பலா. கூண்டில் எங்கேயும் பலா கிடையாது. அவள் தண்ணீருக்குப் போகிற நேரமாய்ப் பார்த்து அவர் எதையோ இழைக்கிறார். ஒரு நாள் சீவலோடு ஒரு சின்னத் தடுப்புக் கட்டையும் கிடந்தது, அளவு பிசகித் தள்ளியது. பெருக்குமாற்றைப் போட்டுவிட்டு அதைக் கையில் எடுத்தாள். அஞ்சறைப் பெட்டியின் தடுப்பு. மகளைக் கட்டிக்கொடுத்தால் தகப்பன் தன் கையால் பலாவில் அஞ்சறைப் பெட்டி செய்து கொடுப்பது அவர்கள் வழக்கம். அவளுக்கும் அவள் அப்பன் செய்து கொடுத்திருந்தார்.

மஞ்சள் சீவலை மட்டும் தனியாய் அள்ளி அடுப்பில் போட்டாள், வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்று. அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வளையல்காரர் தெருவுக்கு வந்த அன்று பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கினாள். கூடவே ஒரு ஜோடி பொடிக் கருவளையல். ராக்கு எட்டிப் பார்த்துவிட்டாள்.

“பச்சை உனக்கு, சரி. கருவளையலு யாருக்கு மதினி?”

“அண்ணன் மகளுக்குப் பிள்ள பொறந்திருக்குல்ல, சிலமலையில.”

பொய்தான். வளையல்களை அவசரமாய் முந்தானையில் முடிந்தாள். ராக்கு அவளையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு வளையல்காரரிடம் வேறு எதையோ பேச ஆரம்பித்தாள்.

பங்குனியில் கூண்டைப் பிரித்துக் கட்டினார்கள். ஆசாரி கட்டு முடிச்சைப் பார்த்தபடியே, “நீயும் வரணும். மேல வார்னிஷ் அடிக்க ஆளு வேணும்” என்றார்.

ஊசிப்பாறையில் வார்னிஷ் அடிக்க ஆளா இல்லை? அவள், “சரி” என்றாள்.

*

குரங்கணி வரைக்கும் மாட்டு வண்டி. அதற்குமேல் நடைதான். எஸ்டேட்டுக்குச் சாமான் தூக்குகிற பிச்சைமணியும் அவன் ஆட்களும் சட்டங்களையும் வளையத்தையும் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். உச்சிக் குமிழை மட்டும் சுந்தரம்மாள் யாரிடமும் கொடுக்கவில்லை. சும்மாட்டு மேல் தானே வைத்துக்கொண்டாள். ஆசாரியின் தோளில் ஆயுதப் பை. பை வழக்கத்தைவிடப் புடைத்திருந்தது.

“மதினி, பாத்து நடங்க. குமிழு உருண்டுச்சுன்னா போடியில போயித்தான் எடுக்கணும்” என்றான் பிச்சைமணி.

“நீ மூச்ச மிச்சம் பிடிச்சு நட அப்பு” என்றாள் அவள். அன்றைக்கு அவளுக்கே பேச வந்தது. ஏறுகிற ஒவ்வொரு வளைவிலும் மகள் கொஞ்சம் கொஞ்சமாய்க் கிட்டத்தில் வந்துகொண்டிருந்தாள்.

ஏற்றம் செங்குத்தாய்ப் போகிற ஓரிடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. நெஞ்சுயரத்துக்கு இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒரு பலகைக் கல். தலைச்சுமைக்காரர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போகிறவளுக்கு அந்தச் சுமை போன பின்னும் இறங்காதாம். வழிப்போக்கர்கள் சுமையை இறக்கி வைக்க வைக்க அவள் சுமையும் இறங்குமாம். அதற்காக வைக்கிற கல். இது புதுக் கல். பாசி பிடிக்கவில்லை.

“எந்தப் புண்ணியவதியோ” என்று சொல்லிக்கொண்டே பிச்சைமணி வளையத்தை அதன்மேல் இறக்கினான். “போன வருஷம் வந்த கல்லு. எங்க தலைக்கெல்லாம் இப்பத்தான் நிம்மதி.”

சுந்தரம்மாளும் குமிழை இறக்கி வைத்தாள். கல்லில் முதுகைச் சாய்த்து நின்றாள். குளுமையாய் இருந்தது. எல்லாரும் செய்வதுபோலப் போகும்போது அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆசாரி குனிந்து பலகைக் கல்லின் விளிம்பை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “எவனோ நல்லாத்தான் வச்சிருக்கான். மட்டம் ஒரு நூலு பிசகல” என்றார்.

*

பங்களாத் தோட்டத்தில் மண்டபம் கூண்டுக்காகக் காத்து நின்றது. மறுநாள் காலையில் வளையத்தை மேலே ஏற்றினார்கள். ஆசாரி கூரையில் உட்கார்ந்துகொண்டார். வார்னிஷ் காய்ச்ச நெருப்பு வேண்டும் என்று சட்டியை எடுத்துக்கொண்டு சுந்தரம்மாள் புறப்பட்டாள். காவல்காரர் மலையாளத்து ஆள். “சேச்சி, நெருப்பு இவிடே உண்டு” என்றார். அவள் காதில் விழாத மாதிரி, எஸ்டேட் வேலையாட்களின் லயன் வீடுகள் இருந்த பக்கம் நடந்தாள். பச்சை வளையலும் கருவளையலும் இடுப்பில் செருகிய துணிக்குள் இருந்தன.

முதல் வீட்டு வாசலில் மருதாயி என்கிற வயசான பெண், ஏலக்காய் உலர்த்துகிற சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“நெருப்பா? எடுத்துக்க ஆத்தா. எந்த ஊரு?”

“போடி. கூண்டு மாட்ட வந்தோம்.”

ஊசி நின்றது. மருதாயி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். நெற்றியை, மூக்கை, பிறகு கைகளை.

“ஆசாரி வீடா?”

“ஆமா.”

“அந்தப் பிள்ளயோட ஆத்தாளா நீயி?”

சுந்தரம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் கழித்து ஒருத்தி அவளை அப்படிக் கேட்டுவிட்டாள். “ஆமா. எங்க வீடு அவளுக்கு? வேலைக்குப் போயிருக்காளா?” என்று சட்டியைக் கீழே வைத்தாள்.

மருதாயி சாக்கை மடியிலிருந்து தள்ளினாள்.

“உங்களுக்குத் தெரியாதா? அவன் வந்து சொல்லலையா?”

“யாரு?”

“அழகுமலை. போன ஆடியில. நெறமாசம். காய்ச்சல் கண்டுச்சு. மழைன்னா அப்படி மழை, தூக்கிட்டு எறங்க முடியல. எம் மடியிலதான் ஆத்தா உசுரு போச்சு. பிள்ளயும் வயித்துலயே...” அவள் நிறுத்திவிட்டு, தொடர்ந்தாள். “அவன் கேதம் சொல்ல உங்க ஊருக்கு ஓடினான். திரும்பி வந்து ஒரு வார்த்தை பேசல. நாந்தான் கேட்டேன். ‘தலைமுழுகின வீட்டுல நானா வாயத் தொறக்க முடியுமா? அவுக என்னன்னு கேட்டாத்தான சொல்லணும்? அத்தை என்னயப் பாத்தாக. பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. அவுகளுக்கு அவ முந்தியே செத்தவ’ன்னான்.”

சுந்தரம்மாளுக்குச் சாரலில் நனைந்து நின்ற அவன் தலை ஞாபகம் வந்தது. சீவாத தலை. கேதம் சொல்ல வந்தவன் சீவியிருக்க மாட்டான். இத்தனை மாதம் அதைத்தான் பிள்ளை பிறந்த சேதியென்று முடிந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“அவன் எங்க?”

“சாந்தாம்பாறைப் பக்கம் போயிட்டான். போறதுக்கு முந்தி ஒத்த ஆளா நின்னு கல்லு வச்சான். ஏறி வர்ற வழியில பாத்திருப்பியே ஆத்தா, சுமைதாங்கி. அது உம் பிள்ளைக்கு வச்ச கல்லுதான்.”

நெருப்பு எடுக்காமலேயே அவள் திரும்பினாள்.

*

உச்சிப்பொழுதில் ஆசாரி கூரையிலிருந்து இறங்கினார். வாய்க்காலில் முகம் கழுவினார். பையிலிருந்து வெளுத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். வேட்டியை உதறிக் கட்டினார். பிறகு துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

“வா. போயிட்டு வந்துருவோம்.”

“எங்க?”

“எங்கன்னு உனக்குத் தெரியாதாக்கும்.” அவர் வேறு பக்கம் பார்த்தார். “நீ சீவல வேற வேறயா அள்ளுனது எனக்குத் தெரியாதாக்கும்.”

அவர் முகம் அவள் பல வருஷமாய்ப் பார்க்காத முகமாய் இருந்தது. கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பயம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு இன்னும் நாலு எட்டு அவர் நடக்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. முன்னால் நடந்தாள்.

“மூஞ்சியில அடிச்ச மாதிரி அவ ஏதும் கேட்டான்னா நீ குறுக்க பேசாத” என்றார் அவர் பின்னாலிருந்து. “அவளுக்குக் கேக்க உரிமை இருக்கு. கேட்டுட்டுப் போறா.”

அவள் நடந்தாள்.

“லயனு மேலல்ல இருக்கு. நீ என்ன கீழ எறங்குற?”

அவள் நிற்கவில்லை. ஏலச் செடிகளுக்கு நடுவே பாதை இறங்கியது. செருப்புச் சத்தம் மட்டும் பின்னால் வந்தது. வர வர மெதுவாய் வந்தது. கல் தெரிகிற வளைவில் அந்தச் சத்தம் நின்றுபோயிற்று.

சுந்தரம்மாள் கல்லருகே போய் நின்று, அதன்மேல் கையை வைத்தாள். திரும்பி அவரைப் பார்த்தாள்.

நேற்று மட்டம் பார்த்த அதே விளிம்பை ஆசாரி பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். கக்கத்திலிருந்த மூட்டை நழுவியது. கீழே விழாமல் முழங்காலால் தடுத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“எப்ப?” என்றார்.

“ஆடியில.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் வந்தான். நான் திரும்பிக்கிட்டேன்.”

அவர் தலையை ஆட்டினார். அவளைக் குற்றம் சொல்கிற ஆட்டமில்லை.

பிச்சைமணியின் ஆள் ஒருவன் தலைச்சுமையோடு ஏறி வந்தான். இருவரையும் பார்த்துத் தயங்கினான்.

“எறக்கு அப்பு. எறக்கி வச்சிட்டுப் போ” என்றாள் சுந்தரம்மாள். அவன் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, தூக்கிக்கொண்டு போகும்வரை இருவரும் கல்லையே பார்த்திருந்தார்கள்.

திரும்புகிற வழியில் ஓடையைக் கடக்கும்போது ஆசாரி நின்றார். தண்ணீரைக் காட்டி, “முழுகலாமா? ஒரு தடவ முழுகியாச்சே. மறுபடி முழுகலாமா?” என்று கேட்டார். நாலு பேருக்குச் சாஸ்திரம் சொல்கிற மனிதர், சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார்.

அவளுக்கும் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் கூட்டிப்போனாள். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே முழுகினாள்.

*

மறுநாள் வேலை நடந்தது. சட்டங்களை நிறுத்தினார்கள், பலகைகளைச் செருகினார்கள். கடைசிப் பலகை மிச்சம் இருக்கும்போது ஆசாரி கூரையிலிருந்து கையை நீட்டினார்.

“அதக் கொண்டா.”

எதை என்று அவர் சொல்லவில்லை. அவள் ஏணியில் பாதி ஏறி அஞ்சறைப் பெட்டியைக் கொடுத்தாள். முந்தின இரவு அவள் மருதாயிக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தாள். அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கல்மேல் வைக்கலாமா என்றதற்கு, “எவனாவது எடுத்துட்டுப் போயிருவான்” என்றார்.

அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு அறையில் பச்சை வளையல் இருந்தது. இன்னொன்றில் கருவளையல். அவர் கீழே அவளைப் பார்த்தார். மூடியைச் சாத்தி, கூண்டின் குடைவுக்குள் வைத்து, கடைசிப் பலகையைச் செருகினார். கூட வேலை செய்த ஆள் வார்னிஷ் சட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தான், பார்க்கவில்லை. உச்சியில் குமிழை முடுக்கியபோது வெயில் வந்தது.

போடிக்குத் திரும்பியபின் யாரும் கேதம் விசாரிக்க வரவில்லை. வருவதற்கு வழியில்லை. அந்தத் தெரு அவர்கள் மகளுக்காக முன்பே அழுது முடித்துவிட்டது. சுந்தரம்மாள் ராக்குவிடம் மட்டும் சொன்னாள், கிணற்றடியில். ராக்கு வாளியைக் கீழே வைத்தாள்.

“அன்னிக்கு அப்படிக் கத்துனேனே மதினி” என்றாள். “தெரிஞ்சிருந்தா மிச்சம் வச்சிருப்பேனே.” முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அவ்வளவுதான் சந்திரவல்லிக்குக் கிடைத்த ஒப்பாரி.

மறு ஆடி போய் ஆவணி பிறந்தபோது தங்கபாண்டியன் முதலாளி மறுபடி பட்டறைக்கு வந்தார். சுந்தரம்மாள் கயிற்றைப் போட்டுவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

“கூண்டு ஒண்ணாம் நம்பரு ஆசாரி. இத்தன மழைக்கும் ஒரு சொட்டு எறங்கல. ஆனா காத்தடிச்சா உள்ள என்னமோ கிணுகிணுங்குது. எம்பொஞ்சாதி பயப்படுறா. ஒரு நட வந்து பிரிச்சுப் பாரு.”

ஆசாரி உளியின் முனையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“பிரிக்காதீங்க முதலாளி.”

சுவர் பேசியதுபோல முதலாளி திரும்பினார். இத்தனை காலத்தில் அவள் குரலை அவர் கேட்டதில்லை.

“ஏம்மா? பிரிச்சா என்ன?”

“பிரிச்சா கூண்டு நிக்காது.”

முதலாளி ஆசாரியைப் பார்த்தார். அவர் தலை நிமிரவில்லை. “ஆமா முதலாளி. அது அப்படியே இருக்கட்டும்” என்றார்.

“என்ன மரமோ போ. எம்மக ஞானசெல்வி என்னடான்னா அதக் கேக்கணும்னே மண்டபத்துல போயி உக்காந்துக்கிருது. சோத்துக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்குது.” அவர் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினார்.

வண்டிச் சத்தம் செக்கடி முனையில் தேய்ந்தது. ஆசாரி புதுக் கட்டையை மாட்டினார்.

“கயித்தப் பிடி.”

அவள் இழுத்தாள். கட்டை சுழன்றது. உளியின் சத்தத்துக்காக அவள் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் உளி மரத்தில் படவே இல்லை. அவள் இழுப்பதை நிறுத்தவும் இல்லை.